சம்பளம் இல்லாத நாற்பது ஆண்டுகள்: கோல்ஃபில் அமெச்சூர் என்றால் யார்?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு கல்யாண வீட்டில் என் பெரியப்பாவை ஒருவருக்கு அறிமுகம் செய்துவைத்தேன். "சாட்ஸ்வொர்த்தில் கணக்கு ஆசிரியராக இருந்தவர், நல்ல கோல்ஃப் ஆட்டக்காரர்" என்றேன். "புரொஃபஷனலா, அமெச்சூரா?" என்று அவர் கேட்டார். அமெச்சூர் என்று பெரியப்பா சொன்னதும் அந்த முகத்தில் ஓர் இரக்கம் தெரிந்தது. "பரவாயில்லை, வயதான காலத்தில் நல்ல பொழுதுபோக்கு" என்றார். பெரியப்பா தலையசைத்துவிட்டுப் பந்திக்குப் போய்விட்டார். எனக்குத்தான் மனம் ஆறவில்லை. அன்று அவரிடம் சொல்ல வேண்டியிருந்ததை, கோல்ஃப் மட்டையைக் கையில் தொட்டிராதவர்களுக்கும் புரியும்படி இங்கே எழுதுகிறேன்.

அமெச்சூர் என்ற சொல்லைத் தமிழில் நாம் பெரும்பாலும் கத்துக்குட்டி என்ற பொருளில் புரிந்துகொள்கிறோம். தொழில் தெரியாமல் செய்த வேலை என்றால் 'அமெச்சூர் வேலை' என்கிறோம். கோல்ஃபில் அந்தப் பொருள் கிடையாது. அங்கே அது திறமையைப் பற்றிய சொல்லே அல்ல. பணத்தைப் பற்றிய சொல். ஆடுவதைப் பிழைப்பாக வைத்துக்கொண்டவர் புரொஃபஷனல். ஆடுவதற்காகப் பிழைப்பை வேறிடத்தில் தேடிக்கொண்டவர் அமெச்சூர். அவ்வளவுதான் வேறுபாடு.

டர்பனைச் சுற்றியுள்ள நேட்டால் பகுதியின் தமிழர்களுக்கு இதை விளக்கத் தெருக்கூத்தை விட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. கரும்புத் தோட்டத்திலும் சர்க்கரை ஆலையிலும் பகலெல்லாம் உழைத்தவர்கள்தாம் கோயில் திருவிழா இரவில் கிரீடமும் புஜகீர்த்தியும் கட்டிக்கொண்டு விடியும்வரை அர்ச்சுனனாக நின்றார்கள். கூத்து அவர்களுக்குச் சோறு போடவில்லை. அதனால் அவர்கள் கத்துக்குட்டிகள் என்று ஊரில் ஒருவரும் சொன்னதில்லை. அடவு தவறினால் கீழே உட்கார்ந்திருக்கும் கிழவிக்கே தெரிந்துவிடும். அந்தக் கண்களுக்கு முன்னால் முப்பது ஆண்டு, நாற்பது ஆண்டு ஆடியவர்கள் அவர்கள். கோல்ஃபின் நீண்ட கால அமெச்சூரும் அந்த இனத்தைச் சேர்ந்தவரே.

பணம் என்றேன், அந்த எல்லை எங்கே இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கோல்ஃப் விதிகளை உலகத்துக்கு வகுப்பவை இரண்டு அமைப்புகள்: ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் உள்ள ஆர் அண்டு ஏ, அமெரிக்காவின் யு.எஸ்.ஜி.ஏ. அமெச்சூர் யார் என்பதை வரையறுக்கத் தனி விதித்தொகுப்பே இருக்கிறது. 2022-இல் அதைத் திருத்தி எளிமைப்படுத்தினார்கள். இன்றைய நிலவரப்படி, புரொஃபஷனலாகப் போட்டியில் இறங்கினாலோ, அளவுக்கு மேல் பரிசு வாங்கினாலோ, ஒரு சங்கத்தில் புரொஃபஷனலாக வேலைக்குச் சேர்ந்தாலோ, காசு வாங்கிக்கொண்டு ஆட்டம் கற்றுக்கொடுத்தாலோ அமெச்சூர் தகுதி போய்விடும். கற்றுக்கொடுப்பதற்கு மட்டும் சில விலக்குகள் உண்டு. பரிசின் உச்ச அளவு 700 பவுண்டு, அல்லது 1000 அமெரிக்க டாலர். விளம்பரதாரரிடம் உதவி பெற முன்பு கடும் கட்டுப்பாடு இருந்தது. 2022-இல் அதை நீக்கிவிட்டார்கள். போன தகுதியை விண்ணப்பித்துத் திரும்பப் பெறவும் வழி இருக்கிறது. இந்த விதிகளில் ஓரிடத்திலும் 'இவ்வளவு நன்றாக ஆடினால் நீ அமெச்சூர் அல்ல' என்று எழுதப்படவில்லை. கல்யாண வீட்டில் நான் சொல்லத் தவறியது இதைத்தான்.

பணம் அளவுகோல் இல்லையென்றால், நாற்பது ஆண்டு ஆடியவரின் திறமையை எதைக் கொண்டு அளப்பது? அதற்கு ஆட்டத்தின் கணக்கு கொஞ்சம் தெரிய வேண்டும்.

கோல்ஃப் திடலில் 18 குழிகள். ஒவ்வொரு குழிக்கும் ஒரு தொடக்க மேடை உண்டு; அதை டீ என்பார்கள். அங்கிருந்து பந்தை அடித்து, புல்வெளி வழியே கொண்டுபோய், கிரீன் என்னும் மழமழப்பான தரையில் இருக்கும் குழிக்குள் உருட்டிவிட வேண்டும். நன்றாக ஆடுபவருக்கு அந்தக் குழிக்கு எத்தனை அடி தேவை என்று கணித்து வைத்திருக்கும் எண்தான் பார். குட்டையான குழிக்கு 3, நடுத்தரத்துக்கு 4, நீளமானதற்கு 5. எல்லாவற்றையும் கூட்டினால் பெரும்பாலான திடல்களில் 72 அல்லது அதை ஒட்டி வரும். ஓர் அடி குறைவாக முடித்தால் பேர்டி, ஓர் அடி கூடினால் போகி. குறைந்த எண்ணிக்கையே வெற்றி.

இதில் வேடிக்கை பார்ப்பவர்கள் கவனிக்கத் தவறும் ஒன்று உண்டு. கோல்ஃபில் எதிராளி உங்கள் பந்தைத் தொட மாட்டார். கிரிக்கெட்டில் பந்துவீச்சாளர் மோசமாக வீசியதால் நீங்கள் சதம் அடித்திருக்கலாம். இங்கே அந்தச் சாக்குக்கும் இடமில்லை, அந்த உதவியும் கிடையாது. நீங்கள், தரை, காற்று. டர்பனில் கடற்காற்று வேறு பிற்பகலில் குணம் மாறும். ஆகவே ஒருவர் அடிகளைக் குறிக்கும் அட்டையில் எழுதும் எண் அவருடைய எண். அதைப் பத்தாண்டுக்கு முந்தைய எண்ணோடு வைத்துப் பார்க்கலாம். வேறொரு நாட்டில் வேறொரு திடலில் ஆடியவரின் எண்ணோடும் ஒப்பிடலாம். அப்படி ஒப்பிடுவதற்காக உருவான கருவிதான் ஹேண்டிகேப்.

ஹேண்டிகேப் என்பது பாருக்கு மேல் நீங்கள் நன்றாக ஆடும் நாளில் எத்தனை அடி கூடுதலாக எடுப்பீர்கள் என்பதன் மதிப்பீடு. ஹேண்டிகேப் 18 என்றால், நல்ல நாளில் குழிக்கு ஓர் அடி வீதம் கூடுதல். பூஜ்யம் என்றால் அவரை ஸ்க்ராட்ச் ஆட்டக்காரர் என்பார்கள். பூஜ்யத்தையும் தாண்டி மேலே போகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு எண்ணுக்கு முன்னால் பிளஸ் அடையாளம் வரும். பிளஸ் 4 என்றால் அந்த ஆட்டக்காரர் நான்கு அடிகளைத் திடலுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டு ஆட வேண்டும். உலகின் முன்னணி அமெச்சூர்கள் அந்த உயரத்தில் இருப்பவர்கள்.

2020 முதல் உலகம் முழுவதற்கும் ஒரே ஹேண்டிகேப் முறை நடைமுறைக்கு வந்தது. தென்னாப்பிரிக்காவும் அதில் இருக்கிறது. அதன் கணக்கைப் பெரியப்பா எனக்குச் சமையலறை மேசையில், மின் கட்டண ரசீதின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினார். கணக்கு ஆசிரியர் அல்லவா, கையில் பென்சில் கிடைத்தால் விடமாட்டார்.

எல்லாத் திடலும் ஒன்றல்ல. ஆகவே ஒவ்வொரு திடலுக்கும் இரண்டு எண்கள் கொடுத்திருக்கிறார்கள். ஸ்க்ராட்ச் ஆட்டக்காரர் அங்கே எத்தனை அடியில் முடிப்பார் என்பது முதல் எண். அதைத் திடல் மதிப்பு என்று வைத்துக்கொள்வோம். சாதாரண ஆட்டக்காரரை அந்தத் திடல் எவ்வளவு கூடுதலாக வாட்டும் என்பது இரண்டாவது எண். அதற்கு ஸ்லோப் என்று பெயர். ஸ்லோப் 55-இலிருந்து 155 வரை போகும். நடுநிலைத் திடலுக்கு 113. இப்போது ஒருவர் 85 அடியில் முடித்தார், திடல் மதிப்பு 71, ஸ்லோப் 128 என்று கொள்ளுங்கள். 85-இலிருந்து 71-ஐக் கழித்தால் 14. அதை 113-ஆல் பெருக்கி 128-ஆல் வகுத்தால் 12.4 வரும். கடினமான திடலில் எடுத்த 14, நடுநிலைத் திடலில் எடுத்த 12.4-க்குச் சமம் என்பது இதன் பொருள். இப்படி ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஓர் எண் கிடைக்கும். கடைசி 20 ஆட்டங்களின் எண்களை எடுத்து, அவற்றில் சிறந்த 8-ஐ மட்டும் சராசரி பார்த்தால் வருவதுதான் ஹேண்டிகேப் குறியீடு.

சிறந்த 8 ஏன்? நான் அப்போதே கேட்டேன். எல்லா 20-க்கும் சராசரி எடுத்தால், வேண்டுமென்றே சில நாள் மோசமாக ஆடித் தன் எண்ணை உயர்த்திக்கொள்ள ஒருவரால் முடியும். சிறந்தவற்றை மட்டும் எடுக்கும்போது அது கடினம். மேலும், ஹேண்டிகேப் அளக்க விரும்புவது உங்கள் சராசரி நாளை அல்ல, உங்களுக்குள் இருக்கும் திறனை. அதனால்தான் நேர்மையாக அட்டை கொடுக்கும் ஒருவர் நான்கைந்து ஆட்டத்துக்கு ஒருமுறைதான் தன் ஹேண்டிகேப்புக்கு ஏற்ப ஆடுவார். மற்ற நாள்களில் வீட்டுக்கு வாடிய முகத்தோடு வருவது இயல்பு. பெரியம்மாவுக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும்.

ஹேண்டிகேப்பின் பெரிய அழகு அடுத்ததில் இருக்கிறது. என் பெரியப்பாவின் பேத்திக்குக் குறியீடு 30-ஐ ஒட்டி இருந்தபோது அவருக்கு 9. இருவரும் குழிக்குக் குழி மோதும் ஆட்டம் ஆடினால் வித்தியாசமான 21 அடிகளைப் பேத்திக்குக் கொடுக்க வேண்டும். திடலின் 18 குழிகளும் கடினத்தின்படி 1 முதல் 18 வரை வரிசைப்படுத்தப்பட்டிருக்கும். ஒவ்வொரு குழிக்கும் ஓர் அடி சலுகை, மிகக் கடினமான மூன்று குழிகளுக்கு இரண்டிரண்டு, ஆக 21. அவள் ஏழு அடியில் முடித்த கடினமான குழியும் தாத்தா ஐந்தில் முடித்த அதே குழியும் சமன். இருவரும் முழு மூச்சோடு ஆடலாம், யாரும் யாருக்கும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. எழுபது வயதுக்காரரும் பதினைந்து வயதுப் பெண்ணும் உண்மையாகவே போட்டி போடும்படி செய்த வேறு விளையாட்டு எனக்குத் தெரியாது.

பெரிய அமெச்சூர் போட்டிகளில் இந்தச் சலுகை கிடையாது. அங்கே எல்லாரும் பூஜ்யத்திலிருந்து ஆட வேண்டும். 1885-இல் தொடங்கிய பிரிட்டிஷ் அமெச்சூர், 1892-இல் தொடங்கிய தென்னாப்பிரிக்க அமெச்சூர், 1895-இல் தொடங்கிய அமெரிக்க அமெச்சூர் ஆகியவை பழைமையானவை. இவற்றில் இரு பாணிகளும் கலந்து வரும். முதலில் மொத்த அடிகளை எண்ணி ஆட்களை வடிகட்டுவார்கள். பிறகு இருவர் இருவராக மோதி, தோற்றவர் வெளியேற வேண்டும். நான்கு நாள் நன்றாக ஆடியும் ஐந்தாம் நாள் ஒரு மோசமான காலைப் பொழுதில் எல்லாம் முடிந்துவிடலாம்.

இனி நீண்ட வாழ்க்கை என்றால் என்ன என்பதற்கு வருகிறேன். எனக்கு மிகவும் பிடித்த எடுத்துக்காட்டு அமெரிக்கரான ஜே சீகல். 1943-இல் பிறந்தவர். கல்லூரி நாள்களிலேயே புரொஃபஷனலாகப் போயிருப்பார். ஆனால் ஒரு கதவின் கண்ணாடிக்குள் கை போய் இடது கை கடுமையாகக் காயப்பட்டது. அவர் இன்சூரன்ஸ் தொழிலில் இறங்கினார். அலுவலகம், குடும்பம், கிடைத்த நேரத்தில் பயிற்சி. 1979-இல் பிரிட்டிஷ் அமெச்சூர் பட்டம் வென்றபோது வயது முப்பத்தைந்து. 1982, 1983 ஆகிய இரண்டு ஆண்டுகளும் அமெரிக்க அமெச்சூர் பட்டம். கல்லூரிப் பிள்ளைகள் குவியும் போட்டி அது. அவர் நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். அமெரிக்க அமெச்சூர்களும் பிரிட்டன், அயர்லாந்து அமெச்சூர்களும் மோதும் வாக்கர் கோப்பையில் ஒன்பது முறை ஆடினார். ஐம்பது வயதான பிறகுதான் புரொஃபஷனலாக மாறி, மூத்தோர் சுற்றில் எட்டுப் போட்டிகளை வென்றார். முப்பது ஆண்டு காலம் இன்சூரன்ஸ் பத்திரம் எழுதிக்கொண்டிருந்த கை அது. திறமை குறைவானவர்தான் அமெச்சூராக இருப்பார் என்று நினைப்பவர்கள் இந்த வரிசையை ஒருமுறை படித்துப் பார்க்கலாம்.

இங்கிலாந்தின் மைக்கேல் பொனாலாக் பிரிட்டிஷ் அமெச்சூர் பட்டத்தை ஐந்து முறை வென்றவர். கடைசி மூன்று 1968, 1969, 1970 என்று அடுத்தடுத்த ஆண்டுகளில். புரொஃபஷனலாக மாறவே இல்லை. பின்னாளில் ஆர் அண்டு ஏ அமைப்பின் செயலாளராகவே இருந்தார். பெண்களில் கேரல் செம்பிள் தாம்ப்ஸன். 1973-இல் அமெரிக்க மகளிர் அமெச்சூர் பட்டம் வென்றவர், 2002-இல் வாக்கர் கோப்பைக்கு இணையான மகளிர் போட்டியான கர்டிஸ் கோப்பை ஆட்டத்தில் 27 அடி தூரத்திலிருந்து பந்தை உருட்டிக் குழிக்குள் போட்டுத் தன் அணிக்கு வெற்றியை உறுதி செய்தார். அப்போது அவருக்கு 53 வயது. எதிரணியில் அவர் பெற்ற பிள்ளைகளின் வயதில் பெண்கள் ஆடினார்கள்.

ஒரு காலத்தில் இப்படிப்பட்டவர்கள் அதிகம். 1930-இல் ஒரே ஆண்டில் அமெரிக்கா, பிரிட்டன் இரண்டின் ஓப்பன் (புரொஃபஷனல்களும் அமெச்சூர்களும் சேர்ந்து ஆடும் போட்டி) பட்டங்களையும் அமெச்சூர் பட்டங்களையும் வென்ற பாபி ஜோன்ஸ் அமெச்சூர்தான்; வழக்கறிஞர். இருபத்தெட்டு வயதில் போட்டி ஆட்டத்தை நிறுத்திக்கொண்டார். இன்று நிலைமை மாறிவிட்டது. புரொஃபஷனல் ஆட்டத்தில் கொட்டும் பணம் மிகப் பெரிது. நம் நாட்டையே பாருங்கள். பாபி கோல் 1966-இல் பதினெட்டு வயதில் பிரிட்டிஷ் அமெச்சூர் பட்டம் வென்றார். 2018-இல் யோவான் ரெபுலா, 2022-இல் ஆல்ட்ரிச் போட்கீட்டர், 2023-இல் கிறிஸ்டோ லாம்ப்ரெக்ட் என்று அடுத்தடுத்துத் தென்னாப்பிரிக்க இளைஞர்கள் அதே பட்டத்தைக் கொண்டுவந்தார்கள். லாம்ப்ரெக்ட் அதே ஆண்டு ஓப்பன் போட்டியில் அமெச்சூராக இறங்கி முதல் நாள் 66 அடித்து, உலகப் புகழ் பெற்ற புரொஃபஷனல்களோடு முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டார். எல்லாரும் பின்னர் புரொஃபஷனல்களாகிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. வாழ்க்கைப்பாடு என்று ஒன்று இருக்கிறது. ஆனால் இவர்களுக்கு அமெச்சூர் என்பது ஏறிக் கடக்கும் படி. சீகலுக்கும் பொனாலாக்குக்கும் அதுதான் வீடு.

அந்த வீட்டில் குடியிருக்கத் தேவையானவை என்ன என்று யோசித்தால் திறமை மூன்றாவதாகத்தான் வரும். முதலில் ஒரு பிழைப்பு வேண்டும். மட்டையும் பந்தும் சங்கக் கட்டணமும் பயணமும் கைக்காசில் நடக்க வேண்டும். இரண்டாவது, உள்ளே விடுகிற ஒரு வாசல் வேண்டும். இந்த இரண்டாவதைப் பற்றி நேட்டாலில் பிறந்த ஒருவர் பேசாமல் போக முடியாது.

1860 நவம்பரில் ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து டர்பனுக்கு வந்ததிலிருந்து நம் முன்னோர் கரும்பு வெட்டிய இடங்களில் ஒன்று மவுண்ட் எட்ஜ்கம். அங்கே அவர்கள் எழுப்பிய கோயில்கள் இன்றும் நிற்கின்றன. கரும்பு நின்ற நிலத்தின் ஒரு பகுதியில் இன்று கோல்ஃப் திடல்களும் அவற்றைச் சுற்றி வீடுகளும் இருக்கின்றன. அந்த வழியாகக் கோயிலுக்குப் போகும்போதெல்லாம் எனக்கு நெஞ்சை என்னவோ செய்யும். என் தாத்தா காலத்தில் நம்மவர் ஒருவர் வெள்ளையரின் கோல்ஃப் திடலுக்குள் காலை வைக்க ஒரே வழி, அடுத்தவரின் பையைத் தோளில் சுமப்பதுதான். சுமப்பவருக்குக் கேடி என்று பெயர். பெரியப்பாவும் சிறுவனாக இருந்தபோது பள்ளி விடுமுறைகளில் கேடியாகப் போனவர். திங்கட்கிழமை மாலை உறுப்பினர்கள் இல்லாத நேரத்தில், இரவல் மட்டை ஒன்றால் நான்கைந்து குழி ஆட விடுவார்களாம். வாரம் முழுவதும் அந்த அரை மணி நேரத்துக்காகக் காத்திருந்ததாகச் சொல்வார்.

அந்த வாசலைத் தட்டியவர்களில் பெரியவர் பாப்வா செவ்கோலம். அவர் தமிழர் அல்லர்; ஆனால் டர்பன் இந்தியர் எல்லாருக்கும் அவர் நம் பாப்வா. பீச்வுட் திடலில் கேடியாக இருந்தவர். வலது கைக்காரர்கள் எல்லாரும் வலது கையைக் கீழே வைத்து மட்டையைப் பிடிப்பார்கள். இவர் இடது கையைக் கீழே வைத்துப் பிடித்தார். யாரும் சொல்லித்தராமல் தானாகக் கற்ற பிடி அது. வெள்ளையர் அல்லாதவர்களுக்கென்று தனியே நடந்த போட்டிகளில் ஆடி வளர்ந்தவரின் திறமையைக் கண்ட கிரஹாம் வுல்ஃப் என்ற தொழிலதிபர் 1959-இல் அவரை ஐரோப்பாவுக்கு அழைத்துச் சென்றார். அந்த ஆண்டே டச்சு ஓப்பன் பட்டம் வென்றார். 1960-இலும் 1964-இலும் மீண்டும் வென்றார். 1963-இல் டர்பன் கன்ட்ரி கிளப்பில் நேட்டால் ஓப்பன். வென்றவர் இந்தியர் என்பதால் சங்கக் கட்டடத்துக்குள் நுழைய அனுமதி இல்லை. மழையில் வெளியே நின்று கோப்பையை வாங்கிய அந்தப் படம் உலகம் முழுவதும் போயிற்று. 1965-இல் அதே போட்டியில், உலகப் புகழ் பெற்ற தென்னாப்பிரிக்க ஆட்டக்காரர் கேரி பிளேயரையே வென்றார். அதன் பிறகு அத்தகைய போட்டிகளில் ஆட அரசு அவருக்கு அனுமதி மறுத்தது. 1978-இல் இறந்தார். இன்று டர்பனில் அவர் பெயரில் ஒரு நகராட்சித் திடல் இருக்கிறது.

பாப்வா புரொஃபஷனல். அமெச்சூரைப் பற்றிய கட்டுரையில் அவரை ஏன் இழுக்கிறேன் என்று கேட்கலாம். அமெச்சூராக நீடிப்பது சீகல் போன்றவர்களுக்கு ஒரு தேர்வு. கைக்காசு இல்லாத ஒரு கேடிக்கு அந்தத் தேர்வு முன்னால் வைக்கப்படவே இல்லை. தேசிய அமெச்சூர் போட்டியின் வாசல் அவருடைய நிறத்துக்குத் திறக்கவில்லை. அப்படியிருக்க, நீண்ட அமெச்சூர் வாழ்க்கை வாழ்ந்தவர்களின் பழைய பட்டியல்களில் நம் பெயர்கள் இல்லாததை நம்மிடம் ஆட்டம் இல்லாததாக யாரும் படித்துவிடக் கூடாது.

பெரியப்பாவின் கதை சிறியது, பட்டங்கள் இல்லாதது. ஆசிரியர் வேலை கிடைத்த பிறகு, இந்தியர்களுக்கு அனுமதி இருந்த திடலில் ஆடத் தொடங்கினார். 1983-இல் முதன்முதலாகக் கையில் ஹேண்டிகேப் வந்தது: 17. அந்த அட்டையை இன்னமும் வைத்திருக்கிறார். காலையில் பள்ளி, மாலையில் டியூஷன், சனிக்கிழமை ஆட்டம். தொண்ணூறுகளில் நிறவெறிச் சட்டங்கள் நீங்கிக் கதவுகள் திறந்தபோது நாற்பதைக் கடந்திருந்தார். தான் பை சுமந்த திடல் ஒன்றில் உறுப்பினராகச் சேர்ந்தார். ஐம்பத்திரண்டாம் வயதில் அவருடைய எண் 6. அதுதான் அவருடைய உச்சம்.

ஐம்பதுக்கு மேல் ஒருவர் மேம்பட முடியுமா என்று கேட்பவர்களுக்குக் கோல்ஃபின் உடற்கூறைச் சொல்ல வேண்டும். முதல் அடியின் நீளம் வயதோடு குறையும், அதை யாராலும் தடுக்க முடியாது. ஆனால் ஓர் ஆட்டத்தின் அடிகளில் பெரும் பங்கு கிரீனிலும் கிரீனைச் சுற்றியும் செலவாகிறது. நாற்பது முழத்திலிருந்து பந்தை மெல்லத் தூக்கிக் குழியருகே இறக்குவது, புல் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று படித்து உருட்டுவது, எந்தக் குழியில் துணிய வேண்டும், எதில் அடங்க வேண்டும் என்று அறிவது, இவற்றுக்குத் தோள் வலிமை வேண்டாம். இவை ஆட ஆடக் கூடுபவை. இருபத்தைந்து வயதுக்காரன் நீருக்கு மேலாக அடித்துப் பந்தைத் தொலைக்கும் இடத்தில், பெரியப்பா ஒதுங்கி இரண்டு சிறிய அடிகளாக அடித்துப் பாரோடு வெளியே வருவார்.

முறைகளும் வயதுக்கு இடம் கொடுக்கின்றன. அமெரிக்காவில் 25 வயதைக் கடந்தவர்களுக்கு மட்டும் 1981 முதல் நடுவயது அமெச்சூர் போட்டி நடக்கிறது; வேலைக்குப் போகிறவர்கள் கல்லூரிப் பிள்ளைகளோடு மோத வேண்டியதில்லை. 55 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மூத்தோர் போட்டி. திடலிலும் முன்னே தள்ளிய டீக்கள் உண்டு. அவற்றுக்குத் தனித் திடல் மதிப்பும் ஸ்லோப்பும் உண்டு என்பதால் முன்னே போய் ஆடினாலும் ஹேண்டிகேப் கணக்கு பிசகாது. பெரியப்பா அறுபத்தெட்டில் முன்டீக்கு மாறினார். மாறுவதற்கு இரண்டு ஆண்டு வீம்பு பிடித்தார் என்பதையும் எழுதிவிடுகிறேன். இப்போது அவர் எண் 14. ஹேண்டிகேப் ஓராண்டில் திடீரென்று ஏறிவிடாதபடி முறையிலேயே தடுப்பு இருக்கிறது. அந்த ஓராண்டின் மிகக் குறைந்த எண்ணிலிருந்து 3 வரை தாராளமாக ஏறலாம், அதற்கு மேல் பாதி வேகம், 5-க்கு மேல் ஏறவே ஏறாது. ஒரு நோயோ முதுகுவலியோ வந்த ஆண்டுக்காக முறை உங்களை அவசரப்பட்டுக் கிழவராக்கிவிடுவதில்லை.

தொடங்க விரும்புகிறவர் செய்ய வேண்டியது இதுதான். ஒரு சங்கத்தில் சேருங்கள். ஹேண்டிகேப் அதன் வழியாகத்தான் வரும். தொடக்க உச்சம் 54, ஆகவே மோசமாக ஆடுவோமே என்று கூச வேண்டாம். கூட ஆடுபவர் ஒருவர் உங்கள் அடிகளைச் சரிபார்க்க வேண்டும். ஒரு குழியில் சிக்கிப் பத்துப் பன்னிரண்டு அடி போனாலும் கணக்கில் ஓர் அளவுக்கு மேல் ஏற்றமாட்டார்கள். மொத்தம் 54 குழிகளுக்கு அட்டை கொடுத்தால், அதாவது மூன்று முழு ஆட்டம், முதல் குறியீடு கிடைத்துவிடும்.

சென்ற மாதம் பெரியப்பாவின் பேத்தி மூன்றாவது அட்டையைக் கொடுத்த ஒரு தோழியை வீட்டுக்கு அழைத்துவந்தாள். எண் 41. பெரியப்பா அந்த அட்டையை வாங்கி, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, ஒவ்வொரு குழியாகப் படித்தார். பதினோராம் குழியில் விரலை வைத்து, "இந்தக் குழியைப் பாரிலேயே முடித்திருக்கிறாயே அம்மா, எந்த மட்டையால் அடித்தாய்?" என்று கேட்டார். இருவரும் மேசையில் உட்கார்ந்துவிட்டார்கள். டீ இரண்டு முறை ஆறிப்போயிற்று.